இடது மரை

கடையில் விற்கிற ட்ரில் பிட் எதுவும் நமக்கு வேண்டிய நீளத்தில் இருக்காது. எப்போதும் ஓர் அங்குலம் குட்டையாகத்தான் இருக்கும். பிட் செய்கிறவனைக் குறை சொல்லிப் பயனில்லை, சுவர் கட்டினவனையும் சொல்லிப் பயனில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. நடுவில் நின்று அந்த ஓர் அங்குலத்தைச் சேர்த்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஆள் நான்.

வாயால் சொன்னால் போதும், எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். மன்னிக்க வேண்டும் மேடம், என் வேலையை அடுத்தவர் கையில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. நானே எழுதித் தருகிறேன். பென்சில் கேட்டேன், பென்சிலில் எழுதினால் அழித்துவிடலாம் என்று பேனா கொடுத்தீர்கள். நியாயம்தான். நான் அழிக்கிற ஆள் இல்லை, ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்.

"அந்தக் கம்பிய எப்படிச் செஞ்சீங்க, அதுலேர்ந்து ஆரம்பிங்க" என்றீர்கள். இங்கே வந்ததிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட முதல் நல்ல கேள்வி அது.

நான் லேத் ஓட்டுகிறவன். பம்பு செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம். அதை மூடியபோது மற்றவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் ஓட்டிய லேத்தையே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். தரையை உடைத்து, முழங்கால் ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் லேத்தை நிறுத்தி மட்டம் பார்த்தேன். மட்டம் பார்க்க மட்டும் மூன்று நாள் ஆனது. "நம்ம கல்யாணமே அரை நாள்ல முடிஞ்சிடுச்சு" என்று என் மனைவி வாசலில் நின்று கேலி செய்தாள். அப்போது அவள் கேலி செய்துகொண்டிருந்தாள்.

நீட்டிப்புக் கம்பி செய்வது பெரிய வித்தையில்லை. பிட்டின் தண்டைவிடக் கொஞ்சம் பருமனான இரும்புக் கம்பியை எடுத்து லேத்தில் மாட்டி, முனையைச் சமமாகச் சீவி, நட்டநடுவில் ஒரு குழி போட வேண்டும். அந்த நட்டநடுதான் உயிர். மயிரிழை விலகினாலும் கம்பி சுழலும்போது குடிகாரன் மாதிரி ஆடும். குழிக்குள் பிட்டின் தண்டை நுழைத்துப் பித்தளையை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் பிட்டின் பதம் போய்விடும், குறைந்தால் பற்று நிற்காது. கம்பி மங்கிய சிவப்புக்கு வந்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். அதை யாரும் சொல்லித் தர முடியாது. கண் தானாகக் கற்றுக்கொள்ளும்.

இன்னும் நீளம் வேண்டுமானால் ஒரே கம்பியாகச் செய்யாமல் இரண்டு துண்டாகச் செய்து, ஒன்றின் முனையில் வெளிப்பக்க மரையும் மற்றதில் உள்பக்க மரையும் வெட்டி, திருகிச் சேர்த்துக்கொள்ளலாம். பைக்குள் வைக்க வசதி. வெளி மரையை ஆண் என்போம், உள் மரையைப் பெண் என்போம். தொழிலில் அப்படித்தான் பேச்சு, நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மரையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் அன்றாடம் தொடுகிற மரையெல்லாம் வலது மரை. பாட்டில் மூடியோ நட்டோ, வலப்பக்கம் திருப்பினால் இறுகும். ட்ரில்லும் வலப்பக்கம்தான் சுழலும். ஆகவே வலது மரை போட்ட கம்பி, துளை போடப் போட இன்னும் இறுகிக்கொண்டேதான் போகும். இடது மரை என்றும் ஒன்று உண்டு. அது தேவைப்படுகிற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ட்ரில் கம்பி அவற்றில் ஒன்றல்ல.

என் மகளின் கணவர் ஏசி மாட்டுகிறவர். மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அந்த வார்த்தைக்கு உரிய மிடுக்கு எதுவும் அவரிடம் கிடையாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். பழைய கட்டடங்களில் சுவர் இரண்டடி, இரண்டரை அடி கனம் இருக்கும். குழாயை வெளியே கொண்டுபோக முதலில் மெல்லிய துளை ஒன்றைப் போட்டு வழி பார்க்க வேண்டும். அதற்காக அவருக்கு நான் செய்து கொடுத்த கம்பிகள் பதினான்கு. ஒன்றுகூட வளைந்ததில்லை. "மாமா, உங்க கம்பிக்குப் பக்கத்துல நூல் பிடிச்சுப் பாத்தா, நூல்தான் கோணலாத் தெரியுது" என்பார். இப்படிப் பேசுகிறவரை எனக்குப் பிடிக்காமல் இருக்குமா. மிகவும் பிடிக்கும். இதை அடிக்கோடு போட்டு எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

என் மனைவிக்கு மறதி வந்து நான்கு வருஷம் ஆகிறது. முதலில் உப்பை இரண்டு முறை போட்டாள், பிறகு போடவே மறந்தாள். அடுப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடி வெளியே போய்விட்டாள். ஒரு காலை, சாலையின் நடுவில் நின்று வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததும் நோய் திரும்பிப் பார்க்கவா போகிறது. அக்கம்பக்கத்தில் அவ்வளவு நீளமான பெயரெல்லாம் சொல்லவில்லை. "பாவம், அந்தம்மாவுக்கு மரை கழண்டுடுச்சு" என்றார்கள். முப்பத்தோரு வருஷம் மரை வெட்டியவன் காதுபடவே சொன்னார்கள்.

என் நிலைமையை உள்ளபடி சொல்கிறேன். குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான், துணி மாற்றுவது நான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புவாள். இதுதான் உன் வீடு என்று நான் சொல்வேன். என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாள். என் பெயர் போய், உறவு போய், கடைசியில் நான் 'லேத்துக்காரர்' ஆனேன். ஒருநாள் மதியம் கழிவறை வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என்னால் முடியவில்லை மேடம். அவள் வந்து என் தலையைத் தடவிக் கொடுத்து, "உங்க வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

கதவுக்கு மணி கட்டினேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் லேத் ஓடும்போது மணிச் சத்தம் ஷெட்டுக்கு எட்டாது. லேத்தை நிறுத்திவிட்டு அவளோடு உட்கார்ந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். என் மகளுக்கும் தோன்றியது. வேலை நின்றால் நான் படுத்துவிடுவேன். நான் படுத்துவிட்டால் அவளை யார் பார்ப்பது? அவளுக்காகத்தான் லேத்தை ஓட்டினேன்.

ஆகவே ஷெட்டுக்குள் லேத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டேன். கைக்கு வேலை வேண்டுமே என்று கட்டைவிரல் பருமனில் ஒரு போல்ட்டும் நட்டும் கொடுத்தேன். அதை மாட்டுவாள், கழற்றுவாள், மறுபடி மாட்டுவாள். காலையிலிருந்து மாலை வரை அலுக்காது. எல்லாம் மறந்தும் விரல் மறக்கவில்லை. வலப்பக்கம் இறுக்கம், இடப்பக்கம் தளர்வு. சில நாள் அவளைப் பார்த்து நல்ல வேலைக்காரி என்று பாராட்டுவேன். தலையை ஆட்டிக்கொள்வாள்.

எழுந்து போகாமலிருக்க ஒரு பருத்தித் துண்டு. ஒரு முனை அவள் மணிக்கட்டில், மறு முனை லேத்தின் காலில். கட்டிப்போட்டேன் என்று என் மகள் சொல்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை ஓய்வில்லாததால் துண்டு பிடித்துக்கொண்டது என்று நான் சொல்வேன். முடிச்சு இளக்கமானதுதான். அவளுக்கு அதை அவிழ்க்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

நடுவில் ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்தபோது மகள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நன்றாகத் தூங்கினாளாம். பால்கனியில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தாளாம். சொன்னார்கள். விருந்தாளியாகப் போகிற இடத்தில் யாரும் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருப்பார்கள்.

மாப்பிள்ளை வந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். லேத் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. திடீரென்று லேத் நின்றது. சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்திருந்தார். என் கை மேலே இருக்கும்போது இன்னொருவர் என் லேத்தை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. வெட்டும் கருவி இரும்பில் பதிந்திருந்தது. அதன் நுனி உடைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன இது?"

அவள் முன்கையில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. லேத்திலிருந்து தெறிக்கிற இரும்புச் சுருள் சூடாக இருக்கும், அதுதான். "சுருள் பட்டிருக்கும் மாப்பிள்ள. ரெண்டு நாள்ல ஆறிடும்" என்றேன்.

"நான் முடிச்சக் கேட்டேன் மாமா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். உள்ளே போய் அவரே டீ போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அத்தைய நாங்க கூட்டிட்டுப் போறோம். நீங்களும் வாங்க. ஒரு ரூம் ஒழிச்சு வச்சாச்சு. உங்க பொண்ணு போன மாசத்துலேர்ந்தே சொல்லிட்டிருக்கா, நான்தான் தள்ளிப் போட்டேன். தப்பு என்மேலதான்."

"லேத்து?"

"நாலாவது மாடி மாமா. அதத் தூக்கி வச்சா பில்டிங்கு மூணு மாடியாயிடும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "வித்துடலாம். மனசு வரலேன்னா பூட்டி வச்சிட்டு வாங்க. மாசம் ஒரு தடவ வந்து எண்ணெய் போட்டுட்டுப் போலாம், நானே கூட்டிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழம வண்டி எடுத்துட்டு வர்றேன், தயாரா இருங்க."

அன்று முழுக்க எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. அவளைப் பற்றித்தான் நினைத்தேன். புது வீட்டில் அவளுக்குக் குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியுமா? லேத் சத்தம் இல்லாமல் அவளால் இருக்க முடியுமா? அந்தச் சத்தம் கேட்டால்தான் அவள் அமைதியாக இருப்பாள். இதைப் போனில் மகளிடம் சொன்னேன். "அம்மா அந்தச் சத்தத்துக்குப் பயந்துபோய் உக்காந்திருக்காங்கப்பா. உங்களுக்கு அது அமைதியாத் தெரியுது" என்றாள். பெற்ற பிள்ளை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று மாப்பிள்ளை ஒன்று கேட்டார்.

"மாமா, ஒரு கம்பி வேணும். வெள்ளிக்கிழம ஒரு பழைய நூலகத்துல வேல. மூணடி சுவர். என்கிட்ட இருக்கறது எதுவும் எட்டாது."

அவரிடம் இருந்ததைத் திருகிச் சேர்த்தால் எட்டும். எனக்குத் தெரியும், நான் செய்த கம்பிகள்தானே. மனம் நொந்திருக்கிற கிழவனுக்கு ஒரு வேலை கொடுத்தால் தெம்பு வரும் என்று கேட்டார். அப்படிப்பட்டவர் அவர்.

"உள்ளேர்ந்து போட முடியாதா?" என்றேன்.

"உள்ள பூரா புத்தக அலமாரி. வெளியிலேர்ந்துதான். ஏணி வச்சுத்தான் ஏறணும்."

"எத்தன அடி ஏணி?"

"இருவத்திரெண்டு."

சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டேன். ஓர் அளவு காதில் விழுந்தால் எழுதி வைப்பது என் பழக்கம். அது இன்னும் அங்கே இருக்கும். உங்கள் ஆட்கள் படம் எடுத்திருப்பார்கள்.

புதன்கிழமை கம்பியைச் செய்தேன். இரண்டு துண்டு. நல்ல உருக்கு, நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. நட்டநடு மயிரிழை பிசகவில்லை. பித்தளைப் பற்று ஒரே ஓட்டத்தில் வந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் கையில் பருத்தித் துண்டு கட்டவில்லை, மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ஷெட் கதவை உள்ளே தாழிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை அவர் வந்து வாங்கிக்கொண்டார். இரண்டு துண்டையும் நானே திருகிச் சேர்த்து, ஸ்பேனர் போட்டு முறுக்கி, இணைப்பின்மேல் ஒரு பூச்சு பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். "இதக் கழட்டாதீங்க மாப்பிள்ள, அப்படியே மாட்டிக்குங்க" என்றேன். கையில் உருட்டிப் பார்த்தார். "பதினஞ்சாவது, மாமா. இதுக்கு ஒரு விழாவே எடுக்கலாம்" என்றார். ஏணியில் ஏறும்போது பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் அவரைத் திட்டுவேன்; "ரெண்டு நிமிஷ வேலைக்குப் பெல்ட்டா மாமா" என்பார். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு மாதிரி. அன்று நான் திட்டவில்லை. அவரும் வாசலில் கொஞ்சம் நின்றார், நான் சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விழுந்தார். இரண்டு கையாலும் ட்ரில்லைப் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாராம். கம்பி பாதிச் சுவர் வரை போயிருந்தது. இணைப்பு விட்டதும் சாய்ந்திருந்த உடம்பு முன்னால் போய்ச் சுவரில் மோதியது, கால் பின்னால் உதைத்தது, ஏணி நகர்ந்தது. கீழே நூலகத்தின் கல் படிக்கட்டு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வந்து பார்த்தவர்கள் இணைப்பு கழண்டிருந்ததைப் பார்த்தார்கள். வேலையில் கழல்வது உண்டுதான், பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லி, விபத்து என்றே எழுதினார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தெருவில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என் கம்பிதான் என்று தெரிந்தும் யாரும் என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொழிலில் எனக்கு அவ்வளவு பெயர்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வரவில்லை.

மகள் எங்களோடு வந்துவிட்டாள். அவளால் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. பழைய அறையில் பழைய கட்டிலில் படுத்துக்கொண்டாள். அம்மாவைக் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள், ஊட்டினாள். இரவில் அவள் அழுவது சுவர் வழியாகக் கேட்கும். எனக்கும் கஷ்டமாக இருந்தது மேடம், நான் கல் இல்லை. ஆனால் கேட்டதற்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த மூன்று வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். ஷெட்டில் வேலை ஓடியது. எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம்.

பிறகு மாப்பிள்ளையோடு வேலை செய்தவர்கள் அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மகள் அதைத் திறக்கவில்லை. கூடத்து மூலையில் வைத்துவிட்டாள். சுவருக்குள் சிக்கியிருந்த கம்பித் துண்டையும் அவர்கள் உருவி எடுத்துப் பையில் போட்டிருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை மதியம். மகள் கூடத்தில் உட்கார்ந்து அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி பையைத் திறந்துவிட்டாள். இரும்பு எங்கே இருந்தாலும் அவள் கை அங்கே போய்விடும், நான் பழக்கியது. இரண்டு துண்டையும் மடியில் வைத்துச் சேர்க்கப் பார்த்தாளாம். வலப்பக்கம் திருப்பினாளாம், ஏறவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாளாம். பெற்ற மகளின் பெயர் தெரியாது, இன்று என்ன கிழமை என்று தெரியாது; ஆனால் இது ஏறவில்லை என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் இடப்பக்கம் திருப்பினாள். வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. கைதட்டிச் சிரித்தாளாம்.

"இங்க பாருடி. இது எதிர்ப்பக்கம் ஏறுது. லேத்துக்காரர் தப்பா வெட்டிட்டாரு."

இதை மகள்தான் என்னிடம் சொன்னாள். நான் அப்போது ஷெட்டில் இருந்தேன். அவள் வந்து நின்றதும் நானே லேத்தை நிறுத்தினேன். சின்ன வயதில் என் கால்மாட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவியே மரையின் அளவு சொன்ன பெண் அவள். இரண்டு துண்டையும் என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, இது இடது மரை."

"கை தவறியிருக்கும்மா. வயசாச்சு."

"ஒண்ணு கை தவறலாம்ப்பா. ரெண்டுமா? ஆண் தப்பா வந்திருந்தா பெண் சேந்திருக்காது. ரெண்டும் சேருதே."

நான் அந்தப் பொருத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும், சுவரில் சிக்கி உருவப்பட்டும், இணைப்பில் துளி ஆட்டம் இல்லை. மகள் என் முகத்தையே பார்த்தாள். என்ன கண்டாளோ, உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கதவில் கட்டிய மணி அடித்தது. அவள் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லி, நீங்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் லேத்தைத் துடைத்து, சுருள்களை அள்ளிக் கொட்டி, ஷெட்டைப் பெருக்கி வைத்தேன்.

இனி நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதிவிடுகிறேன். லேத்தின் இடப்பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அது கீழே இருந்தால் வலது மரை வெட்டும். மேலே தூக்கினால் கருவி எதிர்த்திசையில் நகர்ந்து இடது மரை வெட்டும். அது தானாகத் தூக்கிக்கொள்ளாது. லேத்தை நிறுத்தி, கையால் தூக்க வேண்டும். நான் தூக்கினேன். ஆண் மரையை வெட்டினேன். பிறகு டீ குடித்தேன், அவளுக்கும் கொடுத்தேன். அதன் பிறகு பெண் மரையை வெட்டினேன். நடுவில் யோசிக்க நேரம் இருந்தது. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் முதல் ஒரு சாண் தாங்கும், பிட் ஆழத்தில் சிக்கும்போது விடும் என்று எனக்குத் தெரியும். கழற்றிப் பார்த்தால் அவருக்கு விளங்கிவிடும் என்றுதான் பெயின்ட் அடித்தேன்.

ஒரு கை முறிந்தால் ஆறு வாரம். ஆறு வாரம் கிடைத்தால் போதும், அதற்குள் அவர்கள் மனம் மாறிவிடும் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். "இருவத்திரெண்டு அடியிலேர்ந்து விழுந்தா கை மட்டும் முறியும்னு கணக்குப் போட்டீங்களா?" என்று கேட்டீர்கள். கணக்குப் போடவில்லை என்றேன். நான் பொய் சொல்லிப் பழகாதவன், அது எனக்கு உறுத்துகிறது. கணக்குப் போட்டேன். மாப்பிள்ளையைக் கொன்றது நான். கை தவறி அல்ல, கோபத்தில் அல்ல. என் மனைவியை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் செய்தேன். அவள் இல்லாமல் நான் இருக்க மாட்டேன், நான் இல்லாமல் அவள் இருக்க மாட்டாள். அவளுக்காகத்தான் செய்தேன்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அதையும் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

"உங்களையும்தான் கூப்பிட்டாங்க. அந்த லேத்தும் நாலாவது மாடிக்கு வரும்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அப்படின்னா பேச்சே இல்லையே மேடம். ஞாயித்துக்கிழம காலைலயே கிளம்பி வாசல்ல நின்னிருப்பேன்" என்றேன்.

நீங்கள் நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்தீர்கள். உண்மையைத்தான் சொன்னேன். அதில் என்ன தவறு கண்டீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பக்கத்தில் இன்னும் இடமிருக்கிறது, ஆகவே ஒரு வேண்டுகோள். மழை மாதம் வருகிறது. லேத்தின் மேல்பட்டையில் எண்ணெய் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும். எண்ணெய் டப்பா ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது; யாரையாவது அனுப்பி மெல்லிய துணியால் தடவச் சொல்லுங்கள். அந்த இடது கைப்பிடியைத் தொட வேண்டாம், நான் அதைப் பழையபடி கீழே இறக்கி வைத்துவிட்டேன். லேத்தின் காலில் ஒரு பருத்தித் துண்டு கட்டியிருக்கும். அதையும் அவிழ்க்க வேண்டாம். அவள் திரும்பி வந்தால் வேண்டியிருக்கும்.